ஜோன்ஸ், ஆன்சன் (1798–1858)

டெக்சாஸ் குடியரசின் கடைசி ஜனாதிபதி. அதற்குமுன் கிராம வைத்தியர். மாஸசூஸெட்ஸைச் சேர்ந்த கிரேட் பாரிங்டனில் பிறந்து, 1820-இல் வைத்தியம் செய்ய அனுமதி பெற்றும் தொழில் கைகொடாமையால் கடனாளியாக அலைந்து, வெனிசூலாவில் இரண்டாண்டு கழித்து, 1827-இல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற இவருக்கு, 1833-இல் மெக்சிகோவின் ஆட்சியிலிருந்த டெக்சாஸின் பிரசோரியாவில்தான் முதன்முதலாக ஜீவனம் நிலைத்தது. 1836-இல் டெக்சாஸை மெக்சிகோவிடமிருந்து விடுவித்த சான் ஹசிந்தோ யுத்தத்தில் படை வைத்தியராகச் சேவை செய்தும், சாதாரணச் சிப்பாய் என்ற ஸ்தானத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். அவருடைய சுபாவத்தை இதனினும் நன்கு காட்டும் செய்தி வேறில்லை.

டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர், வாஷிங்டனில் தூதர், அயல்நாட்டு மந்திரி ஆகிய பதவிகளை வகித்தபின் 1844 டிசம்பரில் ஜனாதிபதியானார். அமெரிக்காவோடு இணைவதா, மெக்சிகோ அங்கீகரிக்கும் சுதந்தர நாடாக நிற்பதா என்ற இரு வழிகளையும் ஜனங்கள் முன் வைக்கும் நோக்கத்தோடு, மெக்சிகோவின் பதில் வரும்வரை வாய்திறவாது பொறுத்திருந்த அவரைத் துரோகியென்று சந்தேகித்து, ஜனங்கள் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினர். அந்த மௌனம் ராஜதந்திரமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை விளங்கிக்கொள்ளும் பொறுமை அன்று யாருக்கும் இருக்கவில்லை. முடிவில் ஜனங்கள் இணைப்பையே தேர்ந்துகொள்ள, 1846 பிப்ரவரி 19 அன்று ஆஸ்டினில் குடியரசை முடித்து, அதிகாரத்தை மாநில கவர்னரிடம் ஒப்படைத்தார்.

பின்னர், பிறந்த ஊரின் நினைவாகப் பாரிங்டன் எனப் பெயரிட்ட பண்ணையில், அடிமைகளின் உழைப்பைக்கொண்டு விவசாயம் செய்தார்; அவருடைய புகழில் மறைக்கவொண்ணாத களங்கம் இது. 1849-இல் விழுந்ததில் இடக்கை முடங்கிற்று. 1857-இல் அமெரிக்க செனட் ஸ்தானத்துக்கு மாநிலச் சட்டசபையில் ஒரு வாக்குக்கூடக் கிட்டாத மனத்துயரோடு, 1858 ஜனவரியில் ஹூஸ்டன் நகர விடுதியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடியரசைப் பற்றி அவர் தொகுத்த குறிப்புகளும் கடிதங்களும் மறு ஆண்டு நூலாக வெளிவந்தன.