மருத்துவர் அருகில் இல்லாதபோது: குழந்தைகளின் இளைப்பு நோயும் தொலைமருத்துவ வரலாறும்

மருத்துவ வரலாற்றில் தன் தலைப்பினாலேயே நிலைத்து நிற்கும் நூல் ஒன்று உண்டு. ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’ என்பது அதன் பெயர். ‘மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு’ என்று அதனைத் தமிழில் கூறலாம். ரய் நகரில் பிறந்த அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (ஹிஜ்ரி 251-313; கி.பி. 865-925) அவர்கள் இயற்றியது. சமையலறையிலும் கடைத்தெருவிலும் படைமுகாமிலும் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எளிய மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியை அது கூறுகிறது. ‘ஏழைகளின் மருத்துவம்’ என்ற மறுபெயரும் அதற்கு உண்டு. மருத்துவர் இல்லாத இடத்திலும் மருத்துவ அறிவு இருக்க வேண்டும் என்பதே அந்நூல் எழுந்ததன் காரணம்.

இத்தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரம் என் நினைவுக்கு வருகிறது. ஆற்காட்டு நவாபின் காலத்தில் ‘சஆதத் பந்தர்’ எனப் பெயர்பெற்றிருந்த கோவளம், அங்கே அடக்கமாகியிருப்பதாக மரபு கூறும் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா, தெற்கே மாமல்லபுரம், டச்சுக் கோட்டையுள்ள சதுரங்கப்பட்டினம் என்று நீளும் கரை அது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1965இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி அங்குதான் இருக்கிறது. பகலில் 30 கிலோமீட்டர் பெரிய தொலைவன்று. ஐப்பசி மழையில், நள்ளிரவில், மூச்சுக்குத் திணறும் ஆறு வயதுக் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கும் தாய்க்கு அது மிகப் பெரிய தொலைவு.

தமிழில் இளைப்பு, இரைப்பு, ஈளை என்றெல்லாம் வழங்கும் இந்நோயை அரபு மருத்துவர்கள் ‘ரப்வு’ என்றனர். நோயின் தூண்டுதலைத் தேடுவதிலும் அவர்கள் முன்னோடிகளாக விளங்கினர். அறிஞர் அபூஸைத் அல்பல்கீ (மறைவு: கி.பி. 934) இளவேனிற் காலத்தில் ரோஜா மலரை முகர்ந்ததும் நீர்க்கோப்பால் அவதியுறுவதன் காரணத்தை ஆராய்ந்து அர்ராஸீ தனி நூலே எழுதினார். இன்று ‘ஒவ்வாமை’ என நாம் சொல்வதன் மிகப் பழைய பதிவுகளுள் அதுவும் ஒன்று. கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார் (கி.பி. பத்தாம் நூற்றாண்டு) பயணிகளுக்கென ‘ஸாதுல் முஸாஃபிர்’ என்ற நூலையும், குழந்தைகளின் பராமரிப்புக்கென ‘சியாசத்துஸ் ஸிப்யான்’ என்ற நூலையும் எழுதினார். குழந்தையின் உடல் சிறிய அளவிலான பெரியவர் உடலன்று, அதற்குத் தனிக் கவனம் வேண்டும் என்ற தெளிவு அக்காலத்திலேயே பிறந்துவிட்டது.

தொலைவிலிருந்து எழுத்து வழியே மருத்துவம் செய்ததற்கும் சான்று உண்டு. ஃபுஸ்தாத் நகரில் வாழ்ந்து அரபியில் எழுதிய யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் (கி.பி. 1138-1204), அலெக்சாந்திரியாவிலிருந்த உயர்குலத்து நோயாளி ஒருவருக்காக ‘மகாலா ஃபிர் ரப்வு’ என்ற 13 அத்தியாய நூலை யாத்தார். நோயை வேரோடு களையும் மந்திர மருந்து தம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, காற்று, உணவு, உறக்கம், குளியல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் நெறியையே அவர் விரிவாகக் கூறினார். சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் மைந்தர் அல்அஃப்ளல் நோயுற்றபோது, உடனிருந்த மருத்துவர்களின் மாறுபட்ட கருத்துகள் எழுத்தில் அனுப்பப்பட்டன. தாமும் நோயுற்று நேரில் செல்ல இயலாதிருந்த இப்னு மைமூன் அவற்றை ஒவ்வொன்றாக ஆய்ந்து மறுமொழி எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்து சென்றடைந்த இடத்தில் அதைப் படித்து, புரிந்து, நடைமுறைப்படுத்த ஒருவர் இருந்தார். அவர் இல்லாவிடில் அம்மடல் வெறுந்தாளே.

தொலைபேசி 1876இல் காப்புரிமை பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 1879இல், ஒரு குழந்தையின் இருமலைத் தொலைபேசியில் கேட்டு, அஞ்சத்தக்க தொண்டை நோய் அதுவன்று என மருத்துவர் ஒருவர் கூறிய செய்தியை ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. ஆக, தொலைமருத்துவத்தின் முதற் செய்திகளுள் ஒன்றே ஒரு குழந்தையின் மூச்சைப் பற்றியதாகும். அங்கும் குழந்தையைக் கருவியருகே தூக்கிப் பிடித்த ஒரு கை இருந்தது.

நம் நாட்டில் 2000 மார்ச்சில் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்போலோ மருத்துவமனையின் தொலைமருத்துவ நிலையம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு இஸ்ரோவின் செயற்கைக்கோள் அதனைச் சென்னையோடு இணைத்தது. கொரோனா பரவிய 2020 மார்ச் 25 அன்று ஒன்றிய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. ஏப்ரலில் இல்லத்திலிருந்தே மருத்துவரைக் காணும் ‘இ-சஞ்சீவனி’ சேவை வந்தது. அதனை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. பருவம் எய்தாதோர்க்கு மருத்துவர் தொலைவிலிருந்து மருந்து எழுதும்போது, அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்று அந்நெறிமுறை விதிக்கிறது. பழைய மடல்கள் உணர்த்திய உண்மை இவ்வாறு சட்டமாயிற்று.

குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கு இம்முறை ஏன் பொருந்துகிறது? நோய் நெடுநாளையது, மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் சற்று வீங்கியே இருக்கிறது. திணறலின்போது உடனே தளர்த்தும் மருந்து வேறு, வீக்கத்தைத் தணிக்க நாள்தோறும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்து வேறு. இருமல் நின்றதும் பெற்றோர் நிறுத்திவிடுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தாமையும் பெருங்குறை. இவ்விரண்டையும் திருத்த அறுவை அரங்கம் தேவையில்லை. கண்ணால் கண்டு சொல்லித் தருபவர் போதும். குழந்தை மருந்தை இழுக்கும் விதத்தை மருத்துவர் திரையில் காணலாம், மூச்சுகளை எண்ணலாம், தலையணையையும் சுவரின் ஈரப் பூஞ்சையையும் கொசுவர்த்திச் சுருளையும், நம் வீடுகளில் மறவாது இடப்படும் சாம்பிராணிப் புகையையும் கேட்டறியலாம். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழல் இல்லாதபோது 500 மில்லி நெகிழிக் குப்பியைத் தக்கவாறு துளையிட்டு, இடைவெளியின்றி அடைத்துப் பயன்படுத்தலாம் என்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் மெய்ப்பித்தனர். அர்ராஸீ கண்டிருந்தால் தம் நூலில் சேர்த்திருப்பார்!

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரப் பள்ளிகளில் 3 முதல் 10 வயது வரையுள்ள 400 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. பள்ளியிலேயே நாள்தோறும் தடுப்பு மருந்து அளித்து, மருத்துவரைத் தொலைவழியே காணச் செய்த குழந்தைகளில் அவசர சிகிச்சையோ மருத்துவமனைச் சேர்க்கையோ தேவைப்பட்டோர் 7 விழுக்காடு. மற்றவர்களில் 15 விழுக்காடு. திரை மட்டும் இதைச் சாதிக்கவில்லை. நாள்தோறும் மருந்தைக் கையில் கொடுத்தவர் பள்ளிச் செவிலியர்.

நம் அரபுக் கல்லூரிகளின், மதரஸாக்களின் விடுதிகளை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். தாயைப் பிரிந்து வந்த சிறுவனுக்கு அங்கே உடனிருக்கும் பெரியவர் உஸ்தாத் தவிர வேறு யார்? மாணவனின் இளைப்பைச் சேர்க்கையின்போதே கேட்டறிதல், எந்த மருந்து எப்போது என்று மருத்துவர் எழுதித் தந்த தாளைச் சுவரில் ஒட்டுதல், மாதம் ஒருமுறை மருத்துவரைத் திரையில் காணச் செய்தல் ஆகியன எளியவை. பாய்களைத் தட்டும் வேலையை அந்த மாணவனுக்குத் தராதிருப்பது அதனினும் எளிது. ரமளானில் இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் காலை, மாலை என இருவேளைத் தடுப்பு மருந்தை சஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க முடியும். திணறல் வந்தவருக்கோ நோன்பை விடுத்து வேறு நாள்களில் நோற்கும் சலுகையை இறைமறை தெளிவாகவே அளித்துள்ளது. நோன்பு கடமையாகாத சிறுவன் நோன்பின் பெயரால் மருந்தை விடுவது அறியாமையே.

எல்லையையும் மறத்தலாகாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் பொறுப்பு அவரையே சாரும் என்பது நபிமொழி தரும் சட்டம். குழந்தையால் முழு வாக்கியம் பேச முடியவில்லை, விலாவின் இடைத்தசை உள்ளிழுக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் திரையின் முன் காத்திருக்கக் கூடாது. தளர்த்தும் மருந்தைக் கொடுத்தவாறே 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அர்ராஸீ எழுதியது மருத்துவர் அருகில் இல்லாதவருக்காக. இன்று மருத்துவரின் முகமும் குரலும் கடற்கரைக் குடிசைவரை வருகின்றன. குழந்தையின் அருகில் விளக்கம் பெற்ற ஒருவர் இருக்கிறாரா என்பதே எஞ்சியுள்ள கேள்வி. அதற்கு விடையளிக்க வேண்டியவர்கள் பெற்றோரும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுமே.