தரங்கம்பாடி: எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர்களுள் கவிஞர் நெஞ்சை எளிதிற் கவர்வது தரங்கம்பாடி. தரங்கம் என்பது அலை. ஆதலின் 'அலைகள் பாடும் ஊர்' என்று பொருள் கூறி மகிழ்வோர் பலர். ஆனால் இங்குப் 'பாடி' என்பது பாடுதலைக் குறிப்பதன்று; குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல். கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டோ, இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சுட்டுகிறது. இனிய பொருள் ஒன்று பழைய பெயர்களை மறைத்ததுபோலவே, 'டேனியர் கோட்டை' என்னும் ஒற்றை அடையாளம் இவ்வூரின் பிற வரலாறுகளை மறைத்து நிற்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்தைச் சார்ந்த இம்மீனவர் ஊரைக் காண வருவோர், கோட்டையைக் கண்டு, கடற்காற்று வாங்கித் திரும்புகின்றனர். தமிழ் இவ்வூரில் எவ்வெவற்றின்மேல் எழுதப்பட்டது என்று நோக்குவோர்க்கு வேறொரு வரலாறு புலப்படும்.

முதலாவது, கல். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டில் எழுந்தது மாசிலாமணிநாதர் கோயில். டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே இங்குப் பட்டினம் ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அக்கோயிலின் கீழ்ப்பகுதியைக் கடல் சிறிது சிறிதாக உண்டுவிட்டது. கல்லில் எழுதினால் நிலைக்கும் என்பது உள்நாட்டார் நம்பிக்கை; கடற்கரையில் கல்லும் கரையும்.

இரண்டாவது, பொன். 1620ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுக் கப்பற்படைத் தலைவர் ஓவே ஜெட்டே, தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து, கோட்டை கட்டவும் வாணிகம் நடத்தவும் உரிமை பெற்றார். அப்போது டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் விடுத்த திருமுகம், ஓலை வடிவிலான பொற்றகட்டில் தமிழில் எழுதப்பட்டது. அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தன் மண்ணில் கோட்டை எழுப்ப வந்தவனுக்கும் தமிழிலேயே மடல் வரைந்த காலம் அது. அவ்வுரிமையால் எழுந்ததே டான்ஸ்போர்க் கோட்டை. இன்று அதனுள் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. கோட்டையைக் கண்டபின், 1792இல் கட்டப்பட்ட நகரவாயில் வரை அரசர் தெருவில் நடந்தால், டேனியர் நகரின் அளவும் அமைப்பும் விளங்கும்.

மூன்றாவது, ஈயம். 1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் இக்கரையில் இறங்கினர். சமயப்பணிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். முதிய ஆசிரியர் ஒருவர் அவருக்குக் கற்பித்தார். சுவடிகளைத் தேடிக் கொணரவும் படியெடுக்கவும் உள்ளூர் எழுத்தர்கள் துணைநின்றனர். 1708இல் அவர் தொகுத்த தமிழ்ச்சுவடிப் பட்டியலில் தொல்காப்பியமும் திருக்குறளும் இடம்பெற்றன. அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அவரது பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அவருக்குப் பொருள் விளக்கிய ஆசிரியர்களும் எழுத்தர்களும் பெரும்பாலும் பெயரின்றிப் போயினர். அப்பட்டியலை ஒருவரது அருஞ்செயலாக மட்டும் கொள்ளாமல், அன்று இச்சிற்றூர்களில் எவ்வெந்நூல்கள் பயிலப்பட்டன என்பதற்குச் சான்றாகவும் கொள்ளுதல் தகும்.

தமிழ் நூலச்சு இங்குத் தோன்றியதன்று. 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. எனினும் விட்டுப்போன அம்முயற்சியைத் தொடர்ந்து நடைபெறும் தொழிலாக்கியது தரங்கம்பாடியே. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்த தமிழெழுத்துகள் அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியும் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகள் இங்கேயே ஈயத்தில் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714இலும் எஞ்சியது 1715இலும் வெளிவந்தன. தாள் தட்டுப்பாடு நீங்க, அருகிலுள்ள பொறையாற்றில் காகிதம் செய்யவும் முயன்றனர். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்த சீகன்பால்கு, மறு ஆண்டே தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஈய எழுத்துகள் கோக்கப்பட்ட அதே காலத்தில், சில கல் தொலைவிலுள்ள திருக்கடையூரில் நிகழ்ந்ததையும் உடன்வைத்து எண்ணவேண்டும். அபிராமி பட்டரை, 1712 முதல் 1728 வரை தஞ்சையை ஆண்ட முதலாம் சரபோசியின் காலத்தவராகக் கூறுவது மரபு. அம்மரபு பொருந்துமாயின், தரங்கம்பாடியில் தமிழ் உரைநடை அச்சுத்தாளில் பழகிக்கொண்டிருந்தபோது, அங்கே நூறு பாடல்கள் அந்தாதியாய்த் தொடுக்கப்பட்டன. ஒன்று அச்சால் பரவியது. மற்றொன்று நாவால் பரவியது. அறுபதாம் கலியாணத்திற்குத் திருக்கடையூர் செல்வோரும், கோட்டை காணத் தரங்கம்பாடி வருவோரும் தத்தம் வழியே திரும்பிவிடுவதால், இவ்விரண்டையும் ஒருங்கே காணும் வாய்ப்புக் கைநழுவிப் போகிறது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியை வங்காளத்துச் செராம்பூருடன் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை அமைந்தபின் இத்துறைமுகத்தின் வாணிகம் தேய்ந்தது. வேதநாயகம் பிள்ளை இவ்வூரில் முன்சீபாக அமர்ந்தது 1857இல். பின்னர் மாயூரத்தில் பணியாற்றிய அவரே, முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டார்.

கல்லும் பொன்னும் ஈயமும் கூறும் வரலாறு இவ்வளவு. மன்னரும் வணிகரும் சமயத்தொண்டரும் அதில் உளர். ஆட்சிகள் மாறியபோதெல்லாம் கரையை விட்டு நீங்காத பரதவர் அதில் இல்லை. வடக்கே பூம்புகாருக்குச் சென்றால்தான் அவர்களைத் தமிழ் எழுத்தில் சந்திக்கலாம். பட்டினப்பாலை, முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டுக் களித்திருந்த பரதவரைக் காட்டுகிறது. பூம்புகாரில் 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காண்போர், அதனையடுத்த மணலில் வலை உலர்த்தும் அம்மரபினரையும் காண்பது நன்று.

இக்கரைகளின் மீனவர்க்குக் காற்று என்பது ஒரு சொல்லன்று. வடக்கிருந்து வருவது வாடை. கிழக்கிருந்து வருவது கொண்டல். தெற்கிருந்து வருவது சோழகம். மேற்கிருந்து வருவது கச்சான். இவற்றுள் வாடையும் கொண்டலும் சங்கச் செய்யுளிலும் வழங்கிய சொற்கள். கட்டுமரத்தில் சென்ற தலைமுறைக்கு இச்சொற்கள் உயிர்காக்கும் அறிவாய் இருந்தன. இயந்திரப் படகும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் வந்தபின் உழைப்பின் கடுமை குறைந்தது, அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பயன் குறையும் சொல் வாயினின்றும் மறையும்.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கியது. மீனவர் குப்பத்தில் பலர் மாண்டனர். எஞ்சியோர் பலருக்குக் கரையிலிருந்து உள்தள்ளி வீடுகள் கட்டித் தரப்பட்டன. அன்று அலை கொண்டுசென்றது உயிரையும் உடைமையையும் மட்டுமன்று. ஒரு முதியவர் மாண்டபோது, அவர் அறிந்த காற்றின் குறியும் நீரோட்டத்தின் பெயரும் மீன் கூடும் இடமும் அவரோடு போயின. அவற்றிற்குக் கல்வெட்டும் இல்லை, சுவடியும் இல்லை, அச்சுப்படியும் இல்லை.

முந்நூறு ஆண்டுகட்கு முன் அயல்நாட்டார் ஒருவர் இக்கரையில் இறங்கி, மணலில் அமர்ந்து, எளியோரிடம் தமிழ் கேட்டு எழுதிக்கொண்டார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கவிஞர்க்கு அப்பணி இன்னும் எளிது. தரங்கம்பாடிக்குச் செல்வோர் கோட்டையைக் காணட்டும். கோயிலையும் அச்சு வளர்ந்த தெருக்களையும் காணட்டும். அதன்பின், வலை பழுதுபார்க்கும் முதியவர் அருகே சற்றே அமர்ந்து, இன்று வீசும் காற்றின் பெயர் யாதென வினவட்டும். விடை கிடைக்குமாயின் எழுதிக்கொள்ளட்டும். அலைகள் பாடும் ஊர் என்று அதற்கு நாம் சூட்டிய பொருள் அன்று ஓரளவேனும் மெய்யாகும்.