காலதர்: ஒரு முக்கோணக் கண்ணாடியின் வரலாறு

சன்னல் என்ற சொல் போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது. அதற்கு முன்பே தமிழில் சாளரம், பலகணி என்ற பெயர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் நம் கவனத்துக்குரியது காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் மாளிகையின் சன்னலைக் குறிக்க இச்சொல் வருகிறது. வெளியே பார்ப்பதற்கான திறப்பு என்று எண்ணாமல், காற்று வந்துபோகும் வழி என்று பெயரிட்டவர்கள் வெயிலின் அருமை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பழஞ்சொல்லுக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு பொருள் இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. பழைய கார்களிலும் லாரிகளிலும் முன்கதவின் முனையில், முகப்புக் கண்ணாடித் தூணை ஒட்டி, தனியே திரும்பும்படி அமைந்த சிறு முக்கோணக் கண்ணாடியே அது. பட்டறைக்காரர்கள் வென்டிலேட்டர் கண்ணாடி என்பார்கள். இன்று பழைய வண்டிகளைப் புதுப்பிப்போரில் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவு முழுவதற்கும் ஒரே கண்ணாடியாகப் பொருத்துகிறார்கள். அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் பிக்கப் வண்டிகளுக்கு இம்மாற்றத்துக்கென்றே உதிரிபாகத் தொகுப்புகள் விற்பனையாகின்றன. வண்டி வழவழப்பாகத் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் எதைக் கழற்றுகிறோம் என்பதை அறிந்துகொண்டு கழற்றுவது நல்லது.

1933ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் இக்கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. வடிவமைத்தது அந்நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு. வியப்பு என்னவென்றால், அது வெயிலுக்காகப் பிறந்ததன்று. குளிர்நாட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே புகையும் மூச்சுக்காற்றும் தேங்கும். இறக்கினால் பனிக்காற்று முகத்தில் அறையும். குளிர் தாக்காமல் காற்றை மாற்றுவதற்குக் கண்ட வழி அது. நம் ஊர்களுக்கு வந்தபோதோ அதன் பணி தலைகீழானது. காற்றைத் தடுக்கப் பிறந்தது, காற்றை அழைக்கும் கருவியாயிற்று.

அது இயங்கும் முறை எளிது. சற்றே திறந்தால் கண்ணாடியின் பின்விளிம்பு வெளியே நீளும். ஓடும் வண்டியின் மீது வழுகிச் செல்லும் காற்று அவ்விளிம்புக்குப் பின்னால் அழுத்தக் குறைவை உண்டாக்கி, உள்ளேயுள்ள புழுக்கத்தை உறிஞ்சி எடுக்கும். செங்குத்தைத் தாண்டித் திருப்பிவிட்டால் அதே விளிம்பு எதிர்காற்றை அள்ளி ஓட்டுபவரின் மார்பில் வீசும். மின்சாரம் வேண்டாம், விசிறி வேண்டாம். விரல்நுனியால் காற்றின் திசையையும் அளவையும் தீர்மானிக்கலாம்.

இந்தியாவில் இதைப் பலருக்கு அறிமுகப்படுத்தியவை மூன்று கார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி உத்தரப்பாராவில் உருவான அம்பாசிடர். ஃபியட் 1100 வழிவந்த, பிற்காலத்தில் பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்ற கார். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வாடகைக் காரின் முன்னிருக்கையில் அமர்ந்தவுடன் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிடுவது ஒரு தலைமுறையின் அனிச்சைச் செயல்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்கு அதன் அருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று தென்காசியில் சாரலாக இறங்கும். நம் ஊரை எட்டும்போது ஈரத்தை உதறிவிட்டு, கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வரும். ஆடித்தபசுக்குக் கூட்டங்கூட்டமாக வண்டிகள் வரும் காலமும் அதுவே. முழுக் கண்ணாடியையும் இறக்கினால் கண்ணில் மண், ஏற்றினால் புழுக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தந்தது அந்த முக்கோணம்.

அது ஏன் மறைந்தது? வண்டி முகப்பின் வழியாகவே காற்றை உள்ளே செலுத்தும் முறை வந்தது. அதன் துணையோடு 1968 மாதிரி செவ்ரோலெட் கமாரோ முக்கோணத்தைக் கைவிட்டது. இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஒரே கண்ணாடிக் கதவைப் பொதுவழக்காக்கியது. குறைகளும் இல்லாமல் இல்லை. ரப்பர் பீடிங் காய்ந்தால் மழைநீர் கசியும். வேகத்தில் சீழ்க்கை ஒலி எழும். சிறு கொக்கியை நெம்பித் திருடன் கைவிட்டுக் கதவைத் திறப்பான். நடுக்கம்பம் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும்.

மாற்றும் வேலையும் எளிதன்று. அந்த நடுக்கம்பம்தான் பெரிய கண்ணாடி ஏறி இறங்கும் முன்பக்கச் சேனலையும் தாங்குகிறது. அதை எடுத்தால் முன்தூணை ஒட்டிப் புதுச் சேனல் அமைக்க வேண்டும். புதுக் கண்ணாடி அகலமும் எடையும் கூடியது. ஏற்றி இறக்கும் பொறி அதன் எடைமையத்தைத் தாங்காவிட்டால் கோணிக்கொண்டு சிக்கும். டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பின் வெட்ட முடியாது. அட்டையில் அளவெடுத்து, வெட்டி, அதன்பின்னரே பதப்படுத்த வேண்டும்.

தொழில்நுட்பக் கதை இத்துடன் முடிகிறது. ஆனால் இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் வேறொரு கதை தெரிகிறது. கார்களுக்கு 1933இல் வந்த முக்கோணக் கண்ணாடி, செவ்ரோலெட் லாரிகளுக்கு 1951 மாதிரியில்தான் வந்தது. பதினெட்டு ஆண்டு இடைவெளி. தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்திய காரை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமானது 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்குத்தான். எண்பத்தாறு ஆண்டு இடைவெளி. காற்று முதலில் உரிமையாளரை அடைகிறது. உழைப்பவரைக் கடைசியில் அடைகிறது.

ஒரே கண்ணாடி என்பது மூடிய அறையின் அடையாளம். குளிர்சாதனம் உள்ளவருக்கு அது வசதி, இல்லாதவருக்குப் புழுக்கம். பக்கத்திலேயே எஞ்சின் கொதிக்க, நாமக்கல்லில் மரமும் தகரமும் கொண்டு கட்டிய அறையில் அமர்ந்து இரவும் பகலும் ஓட்டியவர்களுக்குக் கிடைத்த குளிர்ச்சியெல்லாம் திறந்த சன்னல் தந்ததுதான். புளியங்குடி எலுமிச்சையும் சங்கரன்கோவில் பூவும் வாடாமல் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நாம் கவலைப்பட்டோம். அவற்றைக் கொண்டுசென்றவர் வாடியதைப் பற்றிச் சட்டம் பேசுவதற்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

எனவே பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. குளிர்சாதனம் பொருத்தப்போகிறீர்கள் என்றால் ஒரே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் கதவின் தகரத்தை அறுக்காமல், திரும்பப் பொருத்தும்படி வேலையைச் செய்யுங்கள். கழற்றிய முக்கோணச் சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் சாக்கில் சுற்றி வையுங்கள். குளிர்சாதனம் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். பீடிங்கை மட்டும் புதுப்பியுங்கள். எளியவருக்கும் கைக்கெட்டிய தொழில்நுட்பங்கள் வரலாற்றில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று நம் கதவில் இருக்கிறது.