சொரியாசிஸ் பெருவியாதி இல்லை: ஒரு பழைய பிழையின் கதை



சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில்களோடு வகுப்புக்கு வந்தது. மற்றப் பெற்றோர் வந்து முறையிட்டார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் யோசிக்காமல் அந்தப் பிள்ளையைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினோம். "பெருவியாதியாம்" என்ற கதை ஊர் முழுக்கப் போனது. பிறகுதான் டொக்டர் சொன்னார், அது சொரியாசிஸ், தொட்டால் தொற்றாது என்று. பிள்ளையை உடனே முன்வாங்குக்குக் கொண்டுவந்தோம். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் வந்திருக்க ஒரு தவணை எடுத்தது.

நாங்கள் விட்ட பிழையை முன்பு உலகமே விட்டிருக்கிறது. ஐரோப்பாவில் செதில் விழும் தோல் நோய்களைத் தொழுநோயோடு சேர்த்து 'லெப்ரா' என்றே சொன்னார்கள். 1808இல் லண்டன் வைத்தியர் றொபேட் வில்லன் சொரியாசிஸை நன்றாக விவரித்தும், அதன் ஒரு வகையை லெப்ரா என்றே எழுதினார். 1841இல் வியன்னாவின் ஹெப்ரா இரண்டும் வேறு வேறு என்று பிரித்தார். 1873இல் நோர்வேயில் ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். சொரியாசிஸ் அந்தக் கிருமியால் வருவதில்லை, அது தொற்றுநோயும் இல்லை.

எங்கள் நாட்டிலும் இந்தப் பயம் பழையது. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கு வைத்தியசாலை கட்டினார்கள். ஆங்கிலேயர் 1901இல் அவர்களைப் பிரித்து வைக்கச் சட்டம் போட்டார்கள். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இன்று தொழுநோயையே மாத்திரையால் முழுதாகச் சுகப்படுத்தலாம். பயம்தான் இன்னும் சுகப்படவில்லை.

சொரியாசிஸில் நடப்பது இதுதான்: உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடுமாறுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கும் தோல், சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாகக் குவிகிறது. பரம்பரையும் ஒரு காரணம். கீறல், காயம் பட்ட இடத்திலும் அது வரலாம் என்று 1870களிலேயே கோப்னர் என்ற ஜேர்மன் வைத்தியர் காட்டினார். மனவேதனையும் அதைக் கூட்டும். முள்ளிவாய்க்காலில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முற்றாக மாற்றும் மருந்து இல்லை. ஆனால் கட்டுப்படுத்தலாம். 1925இல் அமெரிக்காவில் கோக்கர்மன் தாரையும் புறஊதாக் கதிரையும் சேர்த்து வைத்தியம் செய்தார். 1950களின் கடைசியில் மெதோட்ரெக்சேட் வந்தது. இன்று பூச்சு மருந்து, ஒளிச் சிகிச்சை, ஊசி மருந்து எல்லாம் உண்டு. தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலைத் தைலம் கொடுப்பார்கள். எதைப் பாவித்தாலும் டொக்டருக்குச் சொல்லுங்கள். பார்மசியில் நீங்களாகவே ஸ்டீரொய்ட் வாங்கிப் பாவிக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் பொங்கி வரலாம். மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு தரம்தான், தினமும் இல்லை. பிள்ளை வயிற்றில் இருந்தால் கூடவே கூடாது. மூட்டு வீங்கி நொந்தால் பிந்தாமல் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காசில்லை.

2014இல் உலக சுகாதார சபையே சொரியாசிஸ் தொற்றாத நோய் என்று தீர்மானம் எடுத்தது. 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த எங்களுக்கும், 2009இல் முள்வேலிக்குள் இருந்த உங்களுக்கும் ஒதுக்கப்படுவது எப்படி என்று தெரியும். அதை இன்னொரு பிள்ளைக்கு நாங்கள் செய்யக்கூடாது. செதில் உள்ள கையைப் பிடியுங்கள், ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். அந்தப் பிள்ளையிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இன்னொரு பிள்ளையிடம் கேட்க வேண்டி வரக்கூடாது.