எஸ்கேப் ரோடு: காட்டுக்குத் திரும்பிய நெடுஞ்சாலை

போடியிலிருந்து வடமேற்கே தெரியும் மலைமுகட்டைத் தொட்டு ஒருகாலத்தில் ஒரு மாநில நெடுஞ்சாலை ஓடியது. கொடைக்கானலையும் மூணாறையும் இணைத்த அதன் நீளம் சுமார் 80 கிலோமீட்டர். அரசுக் கணக்கில் மாநில நெடுஞ்சாலை 18. மக்கள் வாயில் எஸ்கேப் ரோடு.

சாலைக்கு முன்பே அதன் வழியில் இருக்கும் இரண்டு இடங்கள் பெயர் பெற்றுவிட்டன. 1864-இல் பழனிமலையின் உட்பகுதியை ஆராய்ந்த கர்னல் டக்ளஸ் ஹாமில்டன், பேரிஜத்தின் சதுப்புநிலத்தைப் பார்த்து, அங்கே முன்பு பெரிய ஏரி இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். பின்னாளில் கரை கட்டி அதை ஏரியாக்கினார்கள். இன்னொரு இடமான டாப் ஸ்டேஷன், மூணாறு பக்கத்தில், நம் தேனி மாவட்டத்துக் கொட்டகுடி எல்லையில் இருக்கிறது. மூணாறு தேயிலைப் பெட்டிகள் குண்டளை ரயிலில் அதுவரை வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகச் சமவெளிக்குப் போயின. 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது.

அந்தப் பத்தாண்டிலேயே சாலை வேலை சூடுபிடித்தது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் செல்லும் பகுதிக்குச் சென்னை ஆளுநர் கோஷனின் பெயரை வைத்தார்கள். வந்தரவு அருகே சாலை சுமார் 2,480 மீட்டர் உயரம் ஏறியது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் கொழும்பிலும் குண்டு வீசின. சென்னை நகரமே பாதி காலியானது. எதிரி கரையிறங்கினால் மலைமேல் இருக்கும் வெள்ளையர் மூணாறு வழியாகக் கொச்சித் துறைமுகத்துக்குத் தப்ப இந்தச் சாலையைத்தான் நம்பினார்கள். படையெடுப்பு வரவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது.

விடுதலைக்குப் பின் சாலை இரண்டு மாநிலங்களின் பொறுப்பாகப் பிரிந்தது. இரு தரப்புக்கும் இடையே பிணக்கு முற்றி, 1990-இல் போக்குவரத்து நின்றது. இன்று கொடைக்கானலிலிருந்து மூணாறு போக, பெரியகுளம், தேனி, போடிமெட்டு என்று சுற்றி 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வனத்துறை அனுமதி பெற்றால் பேரிஜம் ஏரிவரை போகலாம். அதற்கப்பால் செல்லும் தடம் கேரளத்தின் பாம்பாடும்சோலை தேசியப் பூங்காவை அடைகிறது.

திறந்தால் சுற்றுலா பெருகும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. ஆனால் பெரியகுளம் குடிக்கும் தண்ணீர் பேரிஜத்திலிருந்து வருகிறது. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் கோடையிலும் ஓடைகள் வற்றுவதில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான வண்டிகள் அந்தக் காட்டைப் பிளந்துகொண்டு போனால், மேலே மிஞ்சும் குப்பையும் வறட்சியும் கீழே இருக்கும் நம் தலையில்தான் விடியும். பயணத்தில் மிச்சமாகும் சில மணி நேரத்துக்காக அந்தத் தண்ணீரைப் பணயம் வைக்கக் கூடாது. சாலை மூடியே இருக்கட்டும்.