தெளித்த வெள்ளி

கோவில்பதாகையில் நண்பர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கிழட்டு புல்லட் ஒன்று நிற்கிறது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் செய்தார்களே, அந்த வம்சம். நண்பரின் தகப்பனார் ஓட்டியது. பெட்ரோல் மூடியில் அவர் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் குரோமியம் தேய்ந்து, அடியிலுள்ள நிக்கலின் மஞ்சள் சாயல் தெரிகிறது.

"குரோமைத் தெளித்தே புதிதாக்கி விடலாமாம், ஸார்! வண்டி முழுக்கச் செய்துவிடப் போகிறேன்" என்றார்.

பெயர்தான் குரோம், உள்ளே குரோமியம் மருந்துக்கும் கிடையாது. வழவழப்பான கறுப்பு வர்ணத்தின் மேல் வெள்ளி நைட்ரேட்டையும், அதை வெள்ளியாகப் படியவைக்கும் இன்னொரு திரவத்தையும் சேர்ந்தாற்போல் பீய்ச்சுகிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கண்ணாடி! மேலே வார்னிஷ். 1835-இல் ஜெர்மானிய ரசாயனி லீபிக் கண்ணாடியில் வெள்ளி படியக் கண்டாரே, அதன் கொள்ளுப் பேரன்தான் இது.

அசல் முலாமோ மின்சாரத்தால் நிக்கலின் மேல் படியும் மெல்லிய தோல். 1920-களில்தான் அது வியாபாரத்துக்கு வந்தது. அதற்கு முந்திய வண்டிகளில் நிக்கல்தான் மின்னியது, தினம் துடைத்தால். குரோமியம் துடைப்பாரை எதிர்பார்க்காது. ஆனால் அதன் தொட்டிக் கழிவு பொல்லாத விஷம். ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடிப் பல வருஷமாகியும் அதன் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்தது. அந்த வகையில் தெளிப்பு சாது. சூடு மட்டும் ஆகாது. சைலன்ஸர் குழாயில் பூசினால் கருகிவிடும்.

மூடிக்குத் தெளிப்பதென்றாலும் முதலில் பழைய முலாமைத் தேய்த்தாக வேண்டும் என்றேன். நண்பர் அதைக் கழற்றி, தம் கட்டைவிரலை அந்த மஞ்சள் தழும்பில் வைத்துப் பார்த்தார். தழும்பு அவர் விரலைவிடக் கொஞ்சம் பெரிது.

"விளக்கு வளையத்துக்கு மட்டும் தெளிக்கச் சொல்கிறேன்" என்று மூடியை மறுபடியும் திருகினார்.