கோப்பை இருந்தது, சீசன் இல்லை: சென்னையில் ரக்பி வேரூன்றாத வரலாறு

தென்னாசிய மண்ணில் ரக்பி ஆடத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கொல்கத்தா, கொழும்பு, சென்னை ஆகிய மூன்று துறைமுக நகரங்களுக்கும் அதைக் கொண்டுவந்தவர்கள் ஒரே வகை மனிதர்கள்தாம்: பிரிட்டிஷ் படைவீரர்கள், வணிக நிறுவனங்களில் வேலை பார்க்க வந்த இளைஞர்கள், மலைத்தோட்டத் துரைமார்கள். விளைவு மட்டும் ஒன்றாக இல்லை. கண்டியில் பெரிய பள்ளி ஆட்டம் நெருங்கும் வாரத்தில் ஊர்ப் பேச்சே அதுவாகிவிடுகிறது. கிளப் லீக்கின் கடைசிச் சுற்றுகளுக்குக் கூட்டம் திரள்கிறது. சென்னையில் அந்த ஆட்டத்தின் விதிகள் தெரிந்தவர்களே சிலர்தாம். தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், படப்பை, ஒரகடம் என்று வாலாஜாபாத் சாலையில் போனால் கபடிக் களமும் வாலிபால் வலையும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ரக்பிக் கம்பம் நட்ட பள்ளி மைதானம் கண்ணில் படுவது அரிது. இந்த வேறுபாட்டுக்கு வெயிலையும் உடல்வாகையும் கிரிக்கெட் மோகத்தையும் காரணம் சொல்வது வழக்கம். அவை எவையும் போதுமான விளக்கம் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் ஆட்டம் ஓர் ஊரில் தங்குவதற்கு, அக்கம்பக்கத்து அணிகள் வாரந்தோறும் மோதி, அந்த மோதல்களின் முடிவாக ஓர் இறுதியாட்டம் விளைய வேண்டும். இலங்கையில் அது நடந்தது. சென்னைக்குக் கிடைத்ததோ ஆண்டுக்கு ஒருமுறை எங்கிருந்தோ வந்து கூடிக் கலையும் ஒரு போட்டி மட்டுமே.

கொல்கத்தாவின் அனுபவம் இதற்கு முன்னுரை போன்றது. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கமுமாகப் பக்கத்துக்கு இருபது பேர் இறங்கி அங்கே ஆடினார்கள். அடுத்த சில வாரங்களில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் உருவாயிற்று. 1874இல் இங்கிலாந்தின் ரக்பி சங்கத்திலும் சேர்ந்தது. ஆனால் 1878க்குள் அதைக் கலைக்க வேண்டியதாயிற்று. இலவச மதுவை நிறுத்தியதும் உறுப்பினர்கள் குறைந்தார்கள் என்பது பலரும் ரசித்துச் சொல்லும் காரணம். அதைவிடக் கனமான காரணங்கள் வேறு: நகரில் தங்கியிருந்த படைப்பிரிவு இடம் மாறியது, எஞ்சியவர்களைப் போலோவும் டென்னிஸும் இழுத்துக்கொண்டன. வங்கியில் மிஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும் மூடியின் மேல் யானையுமாக ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. ஆட்டக்காரர்கள் எல்லோரும் பணிமாற்றலில் வந்து போகிறவர்களாக இருந்தால் கிளப்பின் கதி என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரிலேயே மூப்படையப்போகும் ஒருவர்கூட அணியில் இல்லை. கப்பல் ஏறியவர்களோடு ஆட்டமும் கப்பல் ஏறியது.

கொழும்பிலும் தொடக்கம் இப்படித்தான். 1879இல் கொழும்பு ஃபுட்பால் கிளப்பின் ஆட்டத்தோடு இலங்கை ரக்பியின் கணக்கு தொடங்குகிறது. டிம்புள, டிக்கோயா, ஊவா மலைத்தோட்ட வட்டாரங்களின் துரைமார்கள் கிளப் கிளப்பாக ஆடினார்கள். அவர்களுடைய தேயிலையைப் பறித்தவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர்கள், அந்த மைதானத்துக்குள் ஆட்டக்காரராக அவர்களுக்கு இடமே இல்லை. 1908இல் இலங்கைக்கு ஒரு ரக்பி சங்கமும் அமைந்தது. இதுவரை கொல்கத்தாவுக்கும் கொழும்புக்கும் அடிப்படை வேறுபாடு கிடையாது. திருப்பம் கண்டியில் நேர்ந்தது. லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற இலங்கையர் 1891இல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் கிங்ஸ்வுட் கல்லூரி என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளியின் மாணவர்களுக்கு ரக்பியைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அதே ஊரின் டிரினிட்டி கல்லூரியும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ள, 1906இல் இரண்டு பள்ளிகளும் மோதிய முதல் ஆட்டம் 6–6 என்று சமனில் முடிந்தது. கொழும்பின் ராயல் கல்லூரி 1920இல் டிரினிட்டியை எதிர்கொண்டது. 1945இல் ராயலின் முதல்வர் பிராட்பி வழங்கிய கேடயத்துக்காக அந்த மோதல் ஒன்று கண்டியில், ஒன்று கொழும்பில் என இரு ஆட்டங்களாக நடக்கத் தொடங்கி, இன்றைக்கும் இலங்கைப் பள்ளி விளையாட்டின் பெரும் நிகழ்வாக நிற்கிறது.

பள்ளி முடித்து வெளியே வந்த பையன் எங்கே போவான்? இந்தக் கேள்விக்கு விடை இருந்ததுதான் இலங்கையின் நல்லூழ். ஐரோப்பியர் கிளப்புகளின் கதவு சாத்தியிருந்த காலத்தில், 1922இல் இலங்கையரே தமக்கென்று சிலோனீஸ் ரக்பி அண்ட் ஃபுட்பால் கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். பள்ளியில் கற்றவன் ஆடுவதற்கு ஒரு கிளப், அந்தக் கிளப்புக்கு எதிராக நிற்க ஐரோப்பியரின் கிளப், நடுவில் தீராத ஒரு கணக்கு. 1950இல் பிரிட்டிஷ் தீவுகளின் அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் ஆடி 44–6 என்று வென்றது. தோல்வி பெரியதுதான், ஆனால் எதிரே இறங்க ஒரு நாட்டு அணி அங்கே இருந்தது. அதே காலகட்டத்தில் கிளிஃபர்ட் கோப்பை கிளப்புகளுக்கு இடையிலான போட்டியின் பரிசாயிற்று. துரைமார்கள் ஊருக்குத் திரும்பியபோது அவர்களின் மலைநாட்டுக் கிளப்புகள் மெல்ல மங்கின. ஆட்டம் மங்கவில்லை. கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப் 1990கள் தொட்டு உள்நாட்டு லீக்கை ஆண்டுகொண்டிருப்பதற்குப் பின்னால், அந்த ஊர்ப் பள்ளிகள் மூன்று தலைமுறையாகப் பயிற்றிய கால்கள் இருக்கின்றன.

சென்னைக்கு வருவோம். 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப், தீவுத்திடலில், கோட்டைக்கு எட்டும் தூரத்தில், ரக்பியின் வீடாக இருந்தது. 1924இல் தொடங்கிய அகில இந்தியப் போட்டி கொல்கத்தா, பம்பாய், சென்னை என்று நகர்ந்து நகர்ந்து நடந்தது. படைப்பிரிவு அணிகளும் கொல்கத்தா அணியும் அதில் ஓங்கியிருந்தன. தென்னிந்தியத் தோட்டங்களின் துரைமார்களும் மலையிறங்கி வந்து சென்னையில் ஆடினார்கள். பார்க்கத்தக்க ஆட்டங்களாகவே அவை இருந்திருக்கும், ஐயமில்லை. ஆனால் அந்த அணிகளின் அமைப்பைக் கவனியுங்கள்: போட்டிக்காகத் திரட்டப்பட்டு, போட்டி முடிந்ததும் மலைக்கும் கம்பெனிக்கும் பாளையத்துக்கும் பிரிந்து போனவை. தோற்ற அணி அடுத்த சனிக்கிழமை பழிதீர்க்கக் காத்திருக்கவில்லை. நகருக்குள்ளேயே எதிரி இருந்தால்தானே காத்திருக்க முடியும்? 1947க்குப் பின் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் வெளியேற, அடுத்த இருபது ஆண்டுகளில் கம்பெனி அதிகாரிகளும் தோட்ட அதிகாரிகளும் இந்தியர்களாக மாற, ஆட்டத்துக்கு ஆள் வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஜிம்கானா அதை விடாமல் காப்பாற்றி வைத்தது பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு கிளப் தனியே செய்யக்கூடியது அவ்வளவுதான்.

கிரிக்கெட் இடத்தை அடைத்துக்கொண்டது என்பார்கள். அதே சென்னையில் கிரிக்கெட் எப்படி நிலைத்தது என்று பார்த்தால், இந்த வாதம் நம் பக்கமே திரும்பிவிடுகிறது. கிரிக்கெட்டும் ரக்பியைப் போலவே வெள்ளையரின் வேலிக்குள் இருந்த ஆட்டந்தான். புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியர்க்கென ஒரு மைதானத்தையும் பயிற்சியையும் உண்டாக்கினார். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் ஆட்டம் அவர் மறைந்த 1908ஆம் ஆண்டிலேயே நடந்தது. 1915–16 முதல் பொங்கலை ஒட்டிய பிரசிடென்சி ஆட்டமாக ஆண்டுதோறும் தொடர்ந்தது. இந்தியர்களுக்கு ஒரு கிளப், அதற்கு நிலையான ஓர் எதிரி, நாள் தவறாத ஒரு மோதல். கொழும்பில் 1922இல் ரக்பிக்கு நடந்தது சென்னையில் அதற்கு முன்பே கிரிக்கெட்டுக்கு நடந்துவிட்டது. சென்னை ரக்பிக்கு ஒரு புச்சி பாபு கிடைக்கவில்லை என்பதுதான் சரியான கூற்று.

இதற்கு இணையான இன்னொரு வழியும் ரக்பிக்கு அடைபட்டிருந்தது; ஆய்வாளர்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு நவீன விளையாட்டுகளைக் கொண்டுபோனவர்கள் கிளப் உறுப்பினர்கள் அல்லர், டிரில் மாஸ்டர்கள். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அவர்களைப் பயிற்றி மாகாணமெங்கும் அனுப்பியது. அவர்கள் எடுத்துச் சென்றவற்றில் வாலிபாலும் கூடைப்பந்தும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.விலேயே பிறந்த ஆட்டங்கள். நம்முடைய கபடிக்கும் பள்ளி மைதானத்தில் கோடு போட்டு விதி எழுதியதில் உடற்கல்வி ஆசிரியர்களின் பங்கு பெரிது. ஒரு வலை, ஒரு பந்து, சுண்ணாம்புக் கோடு போதும். நாற்பது பையன்கள் ஆடலாம். ரக்பி அந்தப் பட்டியலில் ஏறவில்லை. படப்பைச் சுற்றுவட்டாரத்தில் இன்று எது ஆடப்படுகிறது, எது ஆடப்படவில்லை என்பதைத் தீர்மானித்ததில், தீவுத்திடலைவிட நந்தனத்தின் அந்த உடற்கல்விக் கல்லூரிக்கே பங்கு அதிகம்.

இனி மறுப்புகள். முதலாவது, வெயிலும் இறுகிய தரையும். இலங்கைப் பள்ளி சீசனின் முக்கியமான மாதங்கள் தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து வருவதால் புல் நனைந்து மண் இளகியிருக்கும். சென்னைக்கு அந்தக் கொடை இல்லை என்பது மெய்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சென்னையிலும் ஆடத்தக்கவை. இதே தரையில் ஹாக்கியும் கால்பந்தும் தழைத்தன. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் ஹாக்கித் தங்கக் கோப்பைக்கே நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: பள்ளிகள்தாம் காரணம் என்றால், மிஷனரிப் பள்ளிகளுக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் ரக்பி ஏன் வேர்பிடிக்கவில்லை? நல்ல கேள்வி. யாழ்ப்பாணப் பள்ளிகளிடம் பகையும் பெருமையும் ஏராளமாக இருந்தன. சென் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 தொட்டு மோதிவரும் கிரிக்கெட் ஆட்டத்தை வடக்கின் பெரும்போர் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அங்கே ரக்பியைக் கையில் எடுத்த இரண்டு பள்ளிகள் ஒரே நேரத்தில் அமையவில்லை. சுற்றியிருந்து எதிரே ஆடத் தோட்டத்துக் கிளப்புகளும் இல்லை. ஆகவே பள்ளி என்ற அமைப்பு தானாக எதையும் சாதித்துவிடுவதில்லை. கண்டியில் வேலை செய்தது, நடந்துபோகும் தூரத்தில் இருந்த இரண்டு பள்ளிகளின் போட்டி.

பின்லாந்தின் உதாரணம் இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. பிரிட்டிஷ் ஆட்சியையோ ரக்பி வளர்க்கும் பழைய பள்ளிகளையோ காணாத நாடு அது. பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கியே அவர்களுக்கு உயிர். அப்படியிருந்தும் ஹெல்சின்கி, தாம்பெரே போன்ற நகரங்களின் சிறிய கிளப்புகள் பனி உருகிய கோடை மாதங்களில் லீக்காக ஆடி, சீசன் முடிவில் நாட்டுச் சாம்பியனைத் தீர்மானிக்கின்றன. கூட்டம் பெரிதல்ல, பணமும் பெரிதல்ல. பள்ளி இல்லாமலேயே அங்கே இது இயலுமென்றால் என் வாதம் உடைந்துவிடாதா? உடையாது. யாரும் போய்ச் சேரக்கூடிய கிளப்பும், அடுத்தடுத்த வாரங்களில் எதிரே நிற்கும் பக்கத்து நகரத்து அணியும் அங்கே இருக்கின்றன. காலனி நாட்டில் கிளப்பின் கதவு உள்ளூராருக்கு மூடியிருந்ததால்தான் அந்த வேலையைப் பள்ளி செய்ய வேண்டி வந்தது. தேவையான பொருள் தொடர் மோதல். அதைத் தருவது பள்ளியா கிளப்பா என்பது அந்தந்த ஊரின் சூழ்நிலை.

கபடி ஆடும் உடலுக்கு ரக்பி எளிதில் வரும், ஆகவே தமிழ்நாட்டில் அது தானாகவே பரவும் என்ற நம்பிக்கையும் உண்டு. பாடி வருபவனைக் காலைப் பிடித்து மடக்கும் திறமைக்கும் ரக்பியின் டேக்கிளுக்கும் உறவு இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் ஜார்ஜியாவைப் பாருங்கள். ஊரே இரண்டாகப் பிரிந்து பந்துக்கு மல்லுக்கட்டும் லேலோ என்ற கிராமத்து ஆட்டம் அங்கே பழங்காலந்தொட்டு உண்டு. நவீன ரக்பியோ 1959இல் திபிலிசியின் பாலிடெக்னிக் மாணவர்களிடம் ஒரு கிளப்பாகத் தொடங்கிய பிறகுதான் வளர்ந்தது. உடல் தயாராக இருந்ததும் ஆட்டம் தொடங்கியதும் வேறு வேறு நிகழ்வுகள்.

இறுதியாக, அண்மைய நிகழ்வு ஒன்றை எடுத்துக்காட்டி, சென்னையில் ரக்பி இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2025 ஜூன் மாதம் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ்; டெல்லி ரெட்ஸை 41–0 என்று வீழ்த்திய இறுதியாட்டம் அது. மகிழ்ச்சிக்குரிய வெற்றி. ஆனால் ஆறு அணிகளின் எல்லா ஆட்டங்களும் மும்பையில், இரண்டே வாரத்தில் நடந்து முடிந்தன. சென்னையின் பெயர் தாங்கிய அணி சென்னையில் ஆடவே இல்லை. அந்த லீக்கில் ஆடப்பட்ட எழுவர் ஆட்டத்துக்கு ஆளும் நேரமும் குறைவாகத் தேவை என்பதால் அது நம் ஊருக்குப் பொருந்தும் என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும் சில நாள்களுக்குள் பல ஆட்டங்களை ஆடி முடிக்கும் அதன் வடிவம், 1924இன் பழைய வழக்கத்துக்கே நம்மை இட்டுச்செல்லக்கூடும். இந்தியாவில் ரக்பி உண்மையாகத் தங்கிய இடங்களைப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. புவனேஸ்வரத்தின் கலிங்கா பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் மாணவர்கள் ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். அப்பள்ளிப் பையன்கள் 2007இல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோர் போட்டியையே வென்றார்கள். கொல்கத்தாவில் 2004இல் பால் வால்ஷ் தொடங்கிய ஜங்கிள் குரோஸ், நகரத்துப் பிள்ளைகளுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டது. வெள்ளி ரூபாயை உருக்கிக் கல்கத்தா கோப்பையைச் செய்து அனுப்பிய ஊரில், உள்ளூர்ப் பிள்ளைகளின் ஆட்டம் அப்படித்தான் தழைத்தது. தாம்பரம் வட்டாரத்தில் இதற்கு வேண்டியவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன: 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து விசாலமான வளாகம் தேடி இங்கே வந்த கிறித்துவக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், கபடி ஆடிப் பழகிய ஊர்ப் பையன்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்று வரும் ஆசிரியர்கள் இருவர், ஒரே சாலையின் இரண்டு பள்ளிகளில், ஒரே ஆண்டில் இந்த ஆட்டத்தைத் தொடங்கினால், 1906இல் கண்டியில் இருந்த நிலை இங்கேயும் உருவாகிவிடும்.